ஆர்விட் என்னென்ன சாப்பிடுறார்

அதான் சொன்னேனே கண்ணு, ஒரே ஒரு மாத்திரைதான். இன்னும் எத்தனை பேர் வந்து கேப்பீங்க? காலையில டாக்டருங்க மூணு பேரு, அப்புறம் ஒரு நர்ஸ், இப்ப நீ மருந்துப் பட்டியல் எழுத அட்டையும் பேனாவுமா. மரிசெலாவா உன் பேரு? சரி, உக்காரு. எங்க வீட்டுக்காரர்கிட்டயே கேக்கலாம்னா, கண்ணைத் தொறந்த வேகத்துல மூடிக்கிறார். பிரஷர் எண்பத்தஞ்சைத் தாண்ட மாட்டேங்குதாம். ஏன் இப்படி எறங்குச்சுன்னு மூணு டாக்டரும் மோட்டுவளையைப் பாக்குறாங்க. படிச்சவங்க, பாக்கட்டும்.

மாத்திரை பேரா? ஃபெலோடிபின். ரத்தக் கொதிப்புக்கு. ரத்தக்குழாய்ல கால்சியம் நுழையுற வாசலைச் சாத்திடுமாம், குழாய் தளர்ந்து பிரஷர் எறங்குமாம். எங்க ஊர் ஃபார்கோ டாக்டர் படம் வரைஞ்சு காட்டினார். படத்துக்குப் பத்து நிமிஷம், ஆர்விட்டுக்கு அரை நிமிஷம். பழைய மாத்திரை கேக்கலைன்னு அக்டோபர்லதான் இதுக்கு மாத்தினார். மாத்தின கையோட நாங்க வண்டியைக் கட்டிக்கிட்டு டெக்சாஸ் வந்துட்டோம். குளிருக்குப் பயந்து வருசா வருசம் வர்றதுதான். அங்க மைனஸ் இருபதுல ஒக்காந்திருக்கிற டாக்டருக்கு இங்க என்ன காய்க்குதுன்னு என்ன தெரியும்?

இல்ல, ஒண்ணுமில்ல. மேல கேளு.

அஞ்சு மில்லிகிராம். காலையில ஒண்ணு. நான்தான் குடுப்பேன். ஏழு குழி டப்பா இருக்கே, ஞாயித்துக்கிழமை ஆனா அதுல ரொப்பி வச்சிருவேன். ஒரு வேளை தவறினதில்ல. நாப்பது வருசம் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்த மனுசன், அவர் தவறுவாரா?

சாராயமா? அவரா? லூத்தரன் சர்ச்சு ஆளும்மா. காப்பியை விட்டா ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. கட்டிக்கிட்ட எனக்கே சில நாள் சலிச்சுப் போகும்.

விழுந்தது நேத்து. வண்டி வீடுங்க வரிசையா நிக்கிற எங்க டிரெய்லர் பார்க்குல வியாழக்கிழமையானா ஜோடி டான்ஸ். எழுபத்தொம்போது வயசுல ஆட்டம் கேக்குது. ரெண்டாவது பாட்டுல என் கையைப் பிடிச்சபடியே சரிஞ்சார். ஒரு வாரமாவே எந்திரிச்சா தலை சுத்துதுன்னார். கால் வீங்கி செருப்புக்குள்ள போகல. நானே மிஷின்ல பாத்தேன்: நூத்திப் பத்து, மறுநாள் நூறு. பயந்தேன்னு நினைக்கிறியா? பூரிச்சுப் போனேன்! டாக்டருங்களால அஞ்சு வருசமா முடியாததை இந்த இர்மா பதினோரு நாள்ல முடிச்சுட்டான்னு பார்க்கு முழுக்கத் தம்பட்டம் அடிச்சேன்.

எப்படி முடிச்சேனா?

அவர் பொண்ணு சிக்ரிட் நாலு மணிக்கு விமானத்துல எறங்குறா. மூத்த தாரத்துப் பொண்ணு. பத்தொம்போது வருசமா அவளுக்கு நான் அம்மாவும் இல்ல, இர்மாவும் இல்ல, அப்பாவோட சம்சாரம். அவ அப்பாவைக் கொல்லத்தான் நான் வெயிலூருக்கு இழுத்துட்டுப் போறேன்னு போன கிறிஸ்துமஸ் விருந்துல, எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கிறப்பவே சொன்னா. நல்ல பொண்ணு, மனசுல ஒண்ணும் வச்சுக்கத் தெரியாது. இப்ப அவ கேப்பா. நீ கேட்டதையேதான் அவளும் கேப்பா.

சரி, எழுது. பப்ளிமாஸ், அதான் கிரேப்ஃப்ரூட்.

ஆமா, பழந்தான். நீ இந்த ஊருக்காரி, உனக்குத் தெரியாததா? ஜனவரி பொறந்தா ஆளாளுக்குப் பழப் பையை வாசல்ல வச்சிட்டு ஓடிடுறீங்க. திருப்பிக் குடுத்தா கோவம். தூக்கிப் போட எனக்கு மனசு வரல. செக்கச்செவேல்னு இருக்கு, உடம்புக்கு நல்லதுன்னு வேற சொன்னாங்க. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, புழிஞ்சு குடுத்தேன். மாத்திரையையும் அந்தச் சாறுலயே முழுங்க வச்சேன். கசக்குதுடின்னு மூஞ்சியச் சுளிச்சார். பேசாமக் குடிங்கன்னேன். குடிச்சார். நான் சொன்னா எதையும் குடிப்பார், பாவி மனுசன்.

மாத்திரை டப்பியா? இந்தா. ஓரத்துல பிசுபிசுன்னு இருக்கும், பாத்துப் பிடி. அங்க ஒரு மஞ்சக் காகிதம் ஒட்டியிருந்துச்சு. பழத்து மேல குறுக்குக் கோடு போட்ட படம், அடியில இந்தச் சாறோட சேந்தா மருந்து வேகம் பல மடங்கு ஏறும்னு எழுத்து. வாராவாரம் இந்த டப்பியைத் தொட்டிருக்கேன், ஒரு நாளும் திருப்பிப் பாக்கல. இன்னிக்குக் காலையில கைப்பையிலேர்ந்து எடுக்கிறப்பதான் கண்ணுல பட்டுச்சு. உடனே உங்க பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு நகத்தால சுரண்டிட்டேன். சிக்ரிட் பாத்துடக் கூடாதே. அப்புறம் வெளிய வந்து, வெறுந் தண்ணிதான் குடிச்சார்னு மூணு டாக்டர்கிட்டயும் மூணு தடவை சொன்னேன்.

என்னை ஏன் பாக்குற? கையெழுத்தெல்லாம் அப்புறம் போடுறேன், ஓடு. போய்ச் சொல்லு, ஓடும்மா!