கண்ணாடிக் குழாயில் உப்பு

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஆம்பூரில் ஏறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி, மற்றவர் அங்கேயே இயந்திரங்களைப் பார்க்கும் பிட்டர் என்பது பேச்சில் தெரிந்தது. குடியாத்தம் தாண்டும் வரை அந்தப் பேச்சும் அதிகமில்லை. பிறகு மேஸ்திரி மெதுவாகச் சொன்னார்:

"குழாயில உப்பு போட்டது நான்தாம்பா."

"எந்தக் குழாயில?"

"மேல் தொட்டியில எத்தினி அடி சுடுதண்ணி இருக்குன்னு கீழ காட்டுதே, அந்தக் கண்ணாடிக் குழாயில. உள்ள தனியா நிக்கற தண்ணி பாசி புடிச்சிச்சு. தோலுக்குப் போடற மாதிரி, கெடாம இருக்கட்டும்னு உப்பைக் கரைச்சு ஊத்தினேன்."

நான் கேட்காதவன் போலப் பேப்பரைப் பிரித்தேன்.

"தொட்டித் தண்ணியோட அழுத்தம்தான் குழாயில இருக்கறதை மேல தூக்குது, மேஸ்திரி. உப்புத்தண்ணி கனம் ஜாஸ்தி. கம்மியாத்தான் ஏறும். தொட்டி ரொம்பினப்பகூட ஆறடிக் கோட்டைத் தொட்டிருக்காது."

"அதான் பம்பு பாத்துக்கற ஏழுமலை அதை நிறுத்தல. கொதிக்கற தண்ணி வழிஞ்சு அவன் மேலயே கொட்டிச்சு."

"நேத்து ஆஸ்பத்திரியில பாத்தேன். கண்ணாடியை நான்தான் சரியாப் பாக்கலன்னு பொலம்பிக்கினே இருக்கான்."

காட்பாடியில் வண்டி நின்றது. ஆஸ்பத்திரிக்கு இங்கேதான் இறங்க வேண்டும் போலிருக்கிறது; பிட்டர் எழுந்தார். மேஸ்திரி மடியிலிருந்த சாத்துக்குடிப் பையை அவரிடம் நீட்டினார்.

"ஏழுமலைகிட்ட நீயே சொல்லிடேம்பா."

"நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைப்பான்," என்றார் பிட்டர், பையை வாங்காமல். "நீ சொன்னாத்தான் நம்புவான்."