கூடைக்குப் பந்து போடுறவன்

பீலித் தண்ணியில குளிக்கப் போயிருக்கான், வர்ற நேரந்தான். அந்த முக்காலியில உக்காருங்க கணக்கப்புள்ளை ஐயா. ஆனா ஒண்ணு சொல்லிப்புடுறேன். இந்த ஆளைக் கூட்டிக்கிட்டுப் போகவா மடுல்சீமையில இருந்து இவ்வளவு தூரம் வந்தீங்க? எங்க தொரை சீமைக்குப் போறாரு, புதுசா வர்றவருக்குப் பந்து புடிக்காதுன்னு மோப்பம் புடிச்சிட்டீங்களாக்கும். உங்க தொரைக்கு வேற வேலை இல்லையா?

வெள்ளைக்காரன்தான், யாரு இல்லைன்னா? தோலு வெளுத்தா தொரையாயிருவானா? ஜோர்ஜியான்னு ஒரு தேசமாம். ருஷ்யாக்காரன் வந்து புடிச்சுக்கிட்டானாம். இவன் நின்னு சண்டை போட்டிருக்கணும்ல? ஓடி வந்துட்டான். துருக்கியில ஏதோ பாதிரிமாருகிட்டப் பந்து போடக் கத்துக்கிட்டானாம். ஒசரத்துல ஒரு கூடையைக் கட்டி, அதுக்குள்ள பந்தைப் போடணும். பொழப்பைப் பாருங்க! நாங்க தலையில கயித்தை மாட்டிக் கூடையோட மலை ஏறுறோம், அதை எவனும் வெளையாட்டுன்னு சொல்லல.

அப்பறம் பம்பாயில யாரோ கூப்பிட்டாங்களாம், போனான். கொழும்புல கூப்பிட்டாங்களாம், வந்தான். எங்க தொரை கூப்பிட்டாரு, பதுளை ரயில்ல வந்து எறங்கிட்டான். கூப்பிட்டவன் பின்னாடி போறதுக்குப் பேரு உத்தியோகமாம்!

ஜெயிச்சான்தான். தோட்டத்துக்குத் தோட்டம் தொரைமாரு வைக்கிற பந்துப் போட்டியில ரெண்டு வருஷமா எங்க தோட்டத்துக்குத்தான் ஜெயிப்பு. கொழுந்துக் கூடை ரெண்டை அடியறுத்துக் கம்பத்துல கட்டிப்புட்டாங்க. மத்த தொரைமாரு குதிச்சுக் குதிச்சு மூச்சு வாங்குவாங்க, இவன் கையை நீட்டுவான், பந்து உள்ள விழுந்துரும். இதுல என்ன சாமர்த்தியம்? சவுக்கு மரமுந்தான் ஒசரமா வளந்திருக்கு, அதுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?

ஆட்டம் முடிஞ்சா தொரைமாரு முன்கதவால போயி மேசையில உக்காருவாங்க. இவனுக்குக் குசினிப் பக்கந்தான். கூலிக்கு வெளையாடுறவன்கூட உக்காந்து திங்க மாட்டாங்களாம். அவங்களுக்கும் சாதி இருக்குங்க. நான்தான் சோறு போடுவேன். சம்பலைத் தின்னுட்டுக் கண்ணுல தண்ணி ஊத்தும், மறுபடியும் தட்டை நீட்டுவான். மானங்கெட்டவன்.

வலது முட்டி வீங்கிக் கெடக்கே, அது தெரியுமா உங்க தொரைக்கு? எண்ணெய் காச்சித் தேய்ச்சுத் தேய்ச்சு என் கையே போச்சு. இன்னும் ஒரு வருஷம் ஆடுனாப் பெருசு. விட்டுட்டுப் போங்க ஐயா, இங்கயே கெடந்து குசினிக்கு வெறகு பொளக்கட்டும்.

என்னது, முட்டி போனாலும் பரவாயில்லையா? மத்தவங்களுக்குக் கத்துக்குடுத்தாப் போதுமா? வீடும் உண்டா?

வருவானான்னு என்னைக் கேட்டா? வருவான், வராம என்ன. அவனுக்கென்ன, கையை வீசிக்கிட்டுக் கெளம்பிருவான். பழைய தொரை விட்டாச்சுன்னு எழுதித் தர்ற பத்துச்சீட்டு இல்லாம வேலைக்கு எடுக்க மாட்டோம்னு எந்தத் தோட்டத்துலயாவது அவனைச் சொல்வாங்களா? நம்மளைத்தான் சொல்வாங்க.

சரி, பென்சிலை எடுத்துட்டீங்க. எழுதுனா ரெண்டு பேரா எழுதிக்கங்க. ரெங்கம்மா, வயசு நாப்பத்திரெண்டு. கொழுந்தும் எடுப்பேன், குசினியும் பாப்பேன். எங்க தொரை கப்பல் ஏறுறதுக்குள்ள உங்க தொரை பேசி என் சீட்டை வாங்கித் தரணும், அதைப் பெருசா எழுதுங்க.

என்ன முறைன்னு போடணுமா? பொண்டாட்டின்னு போடுங்க. மாரியம்மன் கோயில்ல தாலி கட்டி மூணு மாசமாச்சு. அப்படிப் பாக்காதீங்க ஐயா, எழுதுங்க, அவரு வந்துட்டாரு.