புளியமரத் துண்டுக்குள் இருந்த லாட ஆணிகள்

பெயர் ரெஜினா, வயது இருபத்து மூன்று, தகப்பனார் பெயர் ஜான்ராஜ், பரளச்சிக்குக் கிழக்கே கண்மாய்க்கரைத் தெருவில் குடியிருக்கிறேன். பி.எஸ்சி. முடித்து, இரண்டு வருடமாக அருப்புக்கோட்டையில் திரு. சௌந்தரபாண்டியன் அவர்களின் மரவேலைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வாயால் சொல்லத் தயக்கமாக இருந்ததால், காவல் ஆய்வாளர் அவர்களின் அனுமதியுடன் என் கைப்பட எழுதித் தருகிறேன்.

மரத்தைப் பட்டையோடு வட்டத் துண்டுகளாக அறுத்து, அதில் மயில், சிலுவை, பிள்ளையார் முதலிய படங்களைச் செதுக்குவது அங்கே தொழில். நான் கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் மெஷின் அதன்படியே செதுக்கும். பொங்கல் கழிந்த மறுவாரம் வேலைக்குப் போனபோது பெரிய புளியமரத் துண்டுகள் வந்திருந்தன. நன்றாகக் காய்ந்த மரம் என்று முதலாளி சொன்னார். ஆனால் செதுக்கும்போது தூள் பறக்கவில்லை; ஈரமாகக் கட்டி கட்டியாக விழுந்தது. அதன் பிறகு முதலாளி பின்கதவைப் பூட்டியே வைத்திருந்தார். வெளியூர் ஆட்கள் வந்தால் துண்டுகளைச் சாக்குப் போட்டு மூடச் சொன்னார்.

அதே வாரம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரைப் புளியமரம் வெட்டுப்பட்டுப் போனதாகவும், அதை விற்றுவிட்டதாகக் கண்மாய்க் காவல்காரர் தங்கசாமியைப் போலீசில் பிடித்து வைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அவருடைய மனைவி பொன்னுத்தாய் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கண்மாய்க்குள்ள ஒரு கருவ முள்ள ஒடிச்சாலே மல்லுக்கு நிக்கிற மனுசன். அவுக போயி அந்த மரத்த வெட்டுவாகளாத்தா?" என்றார்.

மறுநாள் ஒரு துண்டின் ஓரத்தில் கொடி செதுக்கிக்கொண்டிருந்தபோது கட்டர் ஒடிந்தது. மெஷினை நிறுத்திப் பார்த்தேன். பட்டையிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே, அடுத்தடுத்து இரண்டு ஆணிகள் இருந்தன. அவற்றைச் சுற்றிச் செம்புக்கம்பியும், கம்பியில் கொஞ்சம் முடியும் இருந்தன. முதலாளி வந்து பார்த்துவிட்டு, துண்டை டீக்கடை அடுப்புக்குக் கொடுத்துவிடச் சொன்னார். அதன் பிறகு, "ஏம்மா, யாரும் கேட்டா கேரளாவுல இருந்து வந்த லோடுன்னு சொல்லிரு. படிச்ச புள்ள, ஒனக்குச் சொல்லணுமா?" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆனால் துண்டை அடுப்புக்குக் கொடுக்காமல் மரத்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிறவர்களின் உச்சிமுடியைச் செம்புக்கம்பியில் சுற்றி அந்தப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மரத்தை வெட்டினால் அடித்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்து, உள்ளூர்க்காரர் யாரும் அதில் அரிவாள் வைக்க மாட்டார்கள். தங்கசாமி அதன் நிழலில்கூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இந்த விவரம் தெரியாத வெளியாள்தான் அதை வெட்டியிருக்க முடியும்.

எல்லோரும் கடையில் வாங்கிய நீள ஆணிதான் அடிப்பார்கள். நான் கண்ட ஆணிகள் மாட்டுக்கு அடிக்கும் லாட ஆணிகள். என் தகப்பனார் லாடம் அடிக்கும் தொழில் செய்பவர். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு வலிப்பு வந்தது. சர்ச்சில் யாருக்கும் தெரியாமல் என்னை அந்த மரத்துக்குக் கூட்டிப்போனார்கள். லாட ஆணி நீளம் குறைவு என்பதால் அப்பா பக்கத்தில் இன்னொன்றும் சேர்த்து அடித்தார். ஆகவே துண்டில் இருக்கும் முடி என்னுடையது.

இதை எழுதப்போவதாக வீட்டில் சொன்னேன். அம்மா அழுதார். அப்பா, "ஊரு பூராத் தெரிஞ்சுபோகும். அப்பறம் ஒன்னயக் கட்ட எவன் வருவான்?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்கொட்டத்துக்குப் போய்விட்டார். காலையில் நான் புறப்பட்டபோது சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவர் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த லாட ஆணி ஒன்றை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

மரம் வெட்டுப்பட்டு இத்தனை நாளாகியும் எனக்கு ஒன்றும் வரவில்லை என்பதையும் பதிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை நான் கண்ணால் கண்டதும் என் வீட்டில் நடந்ததும் ஆகும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ஜா. ரெஜினா

உடன் இருந்தவர்: ஜான்ராஜ், தகப்பனார். இடது கைப் பெருவிரல் ரேகை.