மச்சானின் விட்டில்பூச்சி

உண்மைக்காகவே வாழ்கிறவன் நான், டாக்டர். எங்கள் ஊர் விட்டில்பூச்சி ஆய்வுச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர் பதவி என்னுடையது. சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர். அதில் ஒருத்தி என் மனைவி. டீ போடுவதற்காகச் சேர்க்கப்பட்டவள்.

உள்ளே என் மச்சான் நினைவுப் பரிசோதனைக்காக உங்கள் நர்ஸுக்குக் கடிகாரம் வரைந்து காட்டிக்கொண்டிருக்கிறான். நீங்கள் மருந்தின் அளவைக் கூட்டுவதற்குள், தம்பியை எந்தப் பராமரிப்பு விடுதியில் சேர்க்கலாம் என்று என் மனைவி உங்களிடம் கேட்பதற்குள், ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே வேலி. இருவருமே தோட்டத்தில் பூச்சிப் பொறி வைப்போம். கொடூரமான பொருள் ஒன்றுமில்லை: ஒரு பெட்டி, மேலே விளக்கு, உள்ளே முட்டை அட்டைகள். வெளிச்சத்துக்கு வரும் பூச்சி அட்டையின் குழிகளில் பதுங்கிக்கொள்ளும். காலையில் இன்னதென்று பார்த்துவிட்டுப் புதருக்குள் விட்டுவிடுவோம். குளிர்காலம் முடியும் தறுவாயில் அட்டைகள் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் அவன் விடாமல் விளக்குப் போட்டான். பெண்டாட்டி போன பிறகு, விடிந்ததும் எழுந்திருக்க அவனுக்கு வேறு காரணம் இருக்கவில்லை.

ஒரு நாள் காலை வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கூப்பிட்டான்.

"அத்தான், ஒண்ணு விழுந்திருக்கு. சாதாரணமானதுதான்னு நெனைக்கிறேன். வயசாகி நிறம் உதிர்ந்துபோச்சு, அதான் குழப்புது."

போய்ப் பார்த்தேன். டப்பியில் மூடி ஃபிரிட்ஜில் வைத்திருந்தான். குளிரில் பூச்சி அடங்கியிருக்கும். நாங்கள் எல்லோரும் செய்வதுதான். வெளிறிய சிறகு, விளிம்பில் ஒரு வளைகோடு. கால் லேசாக அசைந்தது. எத்தனையோ குளிர்காலமாக நான் தேடிக்கொண்டிருந்த சாம்பல் விட்டில். தலைவன் என்பதை மறந்து வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"நிஜமாவா அத்தான்?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். உடனே எல்லோருக்கும் போன் செய்து மாலை வரச் சொன்னான். அவன் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, எங்கள் வீட்டு வாசல் வரைக்கும்.

மதியம் விருந்தாளிகளுக்கு பிஸ்கட் வாங்க அவன் கடைக்குப் போனான். அவன் வீட்டுச் சாவி ஒன்று எங்களிடம் உண்டு. என் சேகரிப்பில் அதே சாயலில், குண்டூசி குத்திக் காய்ந்த பூச்சி ஒன்று இருந்தது. ஊசியை உருவிவிட்டு அதை அவன் டப்பியில் வைத்தேன். உயிருள்ளதை என் டப்பிக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அது என் பொறியில் விழுவதாக ஏற்பாடு.

மாலையில் டப்பியைத் திறந்தார்கள். பூச்சியின் முதுகில் ஊசித் துளை. செத்ததை வைத்துவிட்டுக் கண்டுபிடித்தேன் என்று சொல்வதைவிடப் பெரிய பாவம் எங்கள் சங்கத்தில் கிடையாது.

"தலைவரையே ஏமாத்தப் பாத்திருக்காரே," என்றார் செயலாளர்.

அவன் என்னைத்தான் பார்த்தான். "காலைல அசைஞ்சுதே அத்தான். நீங்களும் பாத்தீங்கல்ல?"

"நான் கண்ணாடி போடாம பாத்தேன் மாப்ளே," என்றேன். கனிவாகத்தான் சொன்னேன். பிறகு நேர்மையைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருந்தது. தலைவர் இல்லையா.

சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வரவில்லை. மறுநாள் விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தான். "என் பழைய சேகரிப்புப் பெட்டியிலேர்ந்து நானே எடுத்து வச்சுட்டேன் போலிருக்கு அத்தான். எனக்கு என்னமோ ஆயிடுச்சு. இத நீங்களே வச்சுக்குங்க."

இப்போது கேஸை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறான். என் மனைவி அவன் அலமாரியில் சீட்டு ஒட்டியிருக்கிறாள்: சட்டை, துண்டு, மாத்திரை. உங்களிடம் கூட்டி வருவது நான்தான். காரில் அவனுக்கு பெல்ட் போட்டுவிடுவதும் நான்தான்.

அவன் நினைவில் ஒரு கோளாறும் இல்லை, டாக்டர். பூச்சி அசைந்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவனிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்வதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. மருந்தை நிறுத்திவிடுங்கள். நிறுத்தியதற்கு வேறு ஏதாவது காரணம் சொல்லிவிட முடியுமா?

அந்தப் பூச்சியைப் பற்றியா கேட்கிறீர்கள்? மறுநாளே லென்ஸில் வைத்துப் பார்த்தேன். சாதாரணமானதுதான். வயதாகி நிறம் உதிர்ந்திருந்தது.