குதிக்கும் முன் குரல் கொடுங்கள்

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் தலைமையாசிரியை கத்தலினா அம்மையார் அவர்களே! வெயிலைக் குடையாக்கி வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பில் சோளத்தை வேகவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! வாழ்நாளில் முதன்முறையாக ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர் யானாபம்பாவின் மூன்று இணையச் சேவையாளர்களே! எவரிஸ்டோ ஐயா, டெலியா அக்கா, செகுண்டோ அண்ணா, உங்களுக்கும் என் வணக்கம்!

கேட்கவில்லையா? இதோ, மைக்கை இழுத்துக்கொள்கிறேன்.

அன்பர்களே, காற்றுக்கு வேலி உண்டா? வானுக்கு வரப்பு உண்டா? இல்லை! ஆனால் நம் கறுப்புக் குன்றின் மேல் இவர்கள் ஆளுக்கொன்றாக நட்ட மூன்று கோபுரங்கள் நிற்கின்றன. மூன்றும் ஒரே அலைவரிசையில் பேசினால், ஒன்றின் சொல் மற்றொன்றின் சொல்லில் மோதிச் சிதறும். சிதறப் பார்த்தது எது? பதினொரு பிள்ளைகளின் எதிர்காலம்!

சென்ற மாதம், தலைநகரின் தொழில்நுட்பப் பள்ளி எங்கள் வகுப்பில் பதினொரு பேரை நேர்காணலுக்கு அழைத்தது. வெள்ளிக்கிழமை, திரை வழியாக. இணைப்பு மூன்று முறை அறுந்தால் பெயர் நீக்கப்படும் என்பது விதி. செவ்வாயன்று ஒத்திகை பார்த்தோம். என் தோழி மரிபெல் தன் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். வாய் திறந்தபடியே திரையில் உறைந்துபோனாள். ஒருமுறையல்ல, இருமுறையல்ல, ஏழுமுறை!

பள்ளிக்கு இணைப்புக் கொடுப்பவர் எவரிஸ்டோ ஐயா. தலைமையாசிரியை முன்னாலேயே கைப்பேசியை எடுத்து, சேவையாளர்கள் குழுவில் மருந்து கேட்டார். வந்த பதில்களை ஒன்றுவிடாமல் என் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

டெலியா அக்கா: "உங்க ஆன்டெனாவுக்குக் கண்ணு பட்டிருக்கு ஐயா. முட்டை சுத்திப் போடுங்க."

செகுண்டோ அண்ணா: "பத்தலைன்னா ஒரு வாய் கரும்புச் சாராயம் ஊத்துங்க. குளிருல நடுங்குது பாவம்."

எவரிஸ்டோ ஐயா: "உங்க ரெண்டு பேர் கோபுரத்தையும் வெட்டி விறகாக்கினா போதும். ஊரே சுகமாயிரும்."

சிரிக்கிறீர்கள்! நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்புக்குப் பின் என்ன செய்தார்கள்? எவரிஸ்டோ ஐயா தன் கருவியின் சக்தியை ஏற்றினார். டெலியா அக்கா அதைவிட ஏற்றினார். செகுண்டோ அண்ணா அதற்கும் மேலே ஏற்றினார். ஒரே தெருவில் மூன்று கல்யாணம், மூன்று பேண்டு வாத்தியம்! எந்த மணப்பெண்ணுக்கு எந்தப் பாட்டு?

வியாழன் மாலை, இதே மைதானம். உங்களுக்குத் தெரியும், நம் வாலிபாலில் ஓர் அணிக்கு மூன்றே பேர். தொழிலில் எதிரிகளான இந்த மூவரும் ஆட்டத்தில் ஓரணி. நான் புள்ளி எழுதுபவள். ஆட்டம் தொடங்குமுன் எவரிஸ்டோ ஐயா என் காதருகே குனிந்தார்.

"பாப்பா, பயப்படாத. விடியக்காலமே அலைவரிசை எல்லாத்தையும் அலசிட்டேன். நூத்து நாப்பத்தொம்போதாம் நம்பர் காலியா கெடந்துச்சு. அதுக்குள்ள குதிச்சிட்டேன். அந்த ரெண்டு பேர்கிட்ட மூச்சு விடாத."

சற்று நேரத்தில் டெலியா அக்கா வந்தார். அதே விடியல், அதே எண், அதே "மூச்சு விடாத." கடைசியில் செகுண்டோ அண்ணா. எண்ணை நானே சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

காலியான ஓர் இடம்! அதில் ஒரே காலையில், ஒருவருக்கொருவர் தெரியாமல், மூவரும் குதித்திருக்கிறார்கள்! நாளை நேர்காணல்!

அதற்குள் ஆட்டம் தொடங்கியது. பந்து உயர எழுந்தது. "எனக்கு!" என்று கத்தினார் டெலியா அக்கா. மற்ற இருவரும் நொடியில் விலகினார்கள். பந்து வலையைத் தாண்டி விழுந்தது. புள்ளி!

நான் எழுந்து நின்று கேட்டேன்: "பந்துக்குக் குரல் கொடுத்துட்டுத்தானே குதிக்கிறீங்க? அலைவரிசைக்கு மட்டும் ஏன் சொல்லாமக் குதிக்கிறீங்க? மூணு பேரும் நூத்து நாப்பத்தொம்போதுலதான் நிக்கிறீங்க!"

எவரிஸ்டோ ஐயா பந்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். எதிரணி கத்தியது: "யோவ், பந்தைப் போடுய்யா! அடைகாக்கிறியா?"

அவர் பந்தைப் போடவில்லை. என் புள்ளிப் பலகையை வாங்கித் துடைத்தார். "சொல்லு டெலியா, உனக்கு எது வேணும்?" என்றார்.

"நெசமாவா கேக்குறீங்க?" என்றார் அக்கா.

"பிள்ளைங்க விஷயம். சொல்லும்மா."

அந்த மைதானத்திலேயே மூன்று எண்கள் எழுதப்பட்டன. இருட்டுமுன் மூவரும் ஒன்றாகக் குன்றேறினார்கள், சக்தியைக் குறைத்தார்கள். அங்கே எவரிஸ்டோ ஐயாவின் ஆன்டெனாவில் ஏதோ மஞ்சளாகக் காய்ந்திருந்ததாம். செகுண்டோ அண்ணா சுரண்டிப் பார்த்தார். முட்டை!

ஐயா, தலை குனியாதீர்கள். எங்களுக்காகத்தானே சுற்றினீர்கள்!

வெள்ளியன்று பதினொரு பேரும் பேசினோம். ஒரு சொல் உடையவில்லை. முடிவு இன்னும் வரவில்லை. யார் தேர்வாவோம் என்று தெரியாது. ஆனால் மரிபெல் தன் ஊரைப் பற்றி முழுதாகச் சொல்லி முடித்தாள். தலைநகரில் இருந்தவர்கள் முழுதாகக் கேட்டார்கள்!

அந்தப் புள்ளிப் பலகையைத்தான் இன்று கோபுரங்களின் அடியில் மாட்டப்போகிறோம். இனி யார் மாறினாலும் முதலில் அதில் எழுத வேண்டும். மாற விரும்புகிறீர்களா? சொல்லுங்கள்! மோதுகிறதா? கேளுங்கள்! குதிக்கும் முன் குரல் கொடுங்கள்! காற்று நம் எல்லோருக்கும் போதும்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. புள்ளி எழுத எனக்கு இனிப் பலகை இல்லை. யாராவது புதிதாக ஒன்று வாங்கித் தாருங்கள். இன்றைய ஆட்டம் தொடங்கட்டும். வணக்கம்!