உப்புத்துறை என்று நான் படித்த பெயர்

உங்கள் விசாரணை அறை நாற்காலி சௌகரியமாக இருக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் என் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். முப்பது வருடம் அதில் உட்கார்ந்துதான் ஆற்றுப்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் ஆராய்ந்தேன்.

ரோமானியர் காலத்து மாலுமிகள் தாங்கள் கடந்த துறைகளை எழுதி வைத்தார்கள். உள்ளூர் மொழி தெரியாததால் காதில் விழுந்ததை விழுந்தபடி கிறுக்கினார்கள். அந்தக் கிறுக்கலுக்குள் பழைய சொல்லைத் தேடுவது என் பிழைப்பு. ஆற்றோரம் கிடந்த பள்ளவெளியின் பெயருக்கு ‘உப்புத்துறை’ என்று பொருள் சொன்னவன் நான். என் புத்தகம், பதவி, மரியாதை எல்லாம் அதில் வந்தவை.

அந்த வெளியில் முந்நூறு வீடுகள் கட்டத் திட்டமிட்ட குழு, நிலத்தின் பழைய வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னது. அதே வாரம் என் உதவி ஆய்வாளர் அந்த மாலுமிக் குறிப்பின் இன்னும் பழைய பிரதியொன்றின் படத்தோடு வந்தாள். எதையும் மூன்று தடவை பார்க்காமல் விடமாட்டாள். பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம்.

“அண்ணே, நடுவுல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு. இது உப்பு இல்ல. ஆறு வெள்ளமாத் திரும்பி வர்ற இடம்.”

பார்த்தேன். அவள் சொன்னது சரி.

“குழுகிட்ட சொல்லணும்ணே. அங்க போய் வீடு கட்டுறாங்களே.”

“நான் சொல்லிக்கிறேம்மா. நீ யார்கிட்டயும் பேச்செடுக்காத.”

உப்புத்துறை என்றே எழுதிக் கொடுத்தேன். அவள் கேட்டபோது, குழுவினர் மண்ணைத் தோண்டிப் பார்த்துவிட்டார்களாம், பயமில்லையாம் என்றேன். நம்பினாள். எவ்வளவு நம்பினாள் என்றால், நடக்க முடியாத அப்பாவையும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கேயே குடிபோனாள்.

ஒருநாள் வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டாள். மாடியில்லாத சின்ன வீடு. “மாமா, இது என் ரூம்” என்று குழந்தை கையைப் பிடித்து இழுத்தது. என் கண் ஜன்னல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொண்டிருந்தது. அதன் பிறகு மழை பிடித்தால் எனக்குச் சோறு இறங்காது. யாராவது குழாயைத் திறந்தால் தூக்கிவாரிப்போடும். “என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?” என்பாள் மனைவி. இரண்டு வருடம் இப்படி ஓடியது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

போன மாதம், மழையின் மூன்றாம் நாள். காலை பத்து மணி. மேலே கரை உடைந்துவிட்டது, பாலத்துச் சாலை இன்னும் அரைமணி நேரம்தான் திறந்திருக்கும் என்று வானொலி சொல்லி முடித்தது. போன் அடித்தது.

“அண்ணே, வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துடுச்சு. கரண்டும் இல்ல. பயமா இருக்கு. அப்பாவைத் தூக்கிட்டுக் கிளம்பிடவா?”

கிளம்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“நான் படிச்ச அந்தப் பேரு சரியாத்தான் இருக்கும் போல. மண்ணை நிஜமாவே பார்த்தாங்களாண்ணே? நாளைக்கு நானே குழுகிட்ட போய்க் கேக்குறேன்.”

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். என் குரல் நடுங்கவில்லை.

“இது தேங்குன தண்ணிம்மா. வெளிய போனாத்தான் ஆபத்து. கதவைச் சாத்திட்டு உள்ரூம்ல இருங்க.”

அந்த உள்ளறையிலிருந்துதான் மறுநாள் மூன்று உடல்களையும் எடுத்தார்கள்.

நான் அவளிடம் சொன்னதெல்லாம் பொய் என்று எழுதுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். போனை வைப்பதற்கு முன்னால் அவள் கேட்டாள்: “என்ன ஆகும்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமாண்ணே?”

“தெரியும்மா” என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.