என் கட்டத்தை ஏன் கறுப்பாக்கினீர்கள்?

காதால் ஒரு சொல்லும் கேளாமல், கண்ணால் ஒரு சொல்லும் தவறவிடாமல், இருபது ஆண்டுகளாக இந்தச் செவித்திறன் இழந்தோர் சங்கத்தை நடத்திவரும் தையல் கலைஞர், தலைவர் அவர்களே! என்னைவிட வயதில் மூத்து, என்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் விரலில் பேச்சுமாக வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து, கிழவன் எப்போது முடிப்பான் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் தம்பிமார்களே! என் வலப்பக்கம் நின்று, என் வாயிலிருந்து உதிரும் சொல்லைக் கையில் ஏந்தி உங்கள் கண்ணில் கொண்டுசேர்க்கும் அம்மையாரே! உங்கள் அனைவருக்கும் வணக்கம் சொல்லத்தான் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்; அதற்கு ஒரு காரணம் உண்டு.

அடுத்த வாரம் இதே மண்டபத்தில் மரபணுச் சோதனை முகாம். வம்சம் கேட்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், வரைபடம் போடுவார்கள். போகலாமா, கூடாதா என்று பத்து நாளாக உங்களுக்குள் ஒரே வாக்குவாதம். நான் தலைவரிடம் சொன்னேன்: "படிச்சவங்க யாரையாவது கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்க ஐயா." அவர் கையால் சொன்னார்: "படிச்சவரைப் போன வருஷம் கூப்பிட்டோம். எல்லாரும் தூங்கிட்டாங்க. நீங்களே பேசுங்க."

ஆகவே எழுத்தறியாதவன் ஒருவன், எழுத்திலேயே நுண்ணிய எழுத்தைப் பற்றிப் பேச உங்கள் முன் நிற்கிறேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் நெசவாலையில் தறி ஓட்டியவன் நான். ஆலை வாசலில் போடும் மேடைகளுக்குக் கீழே நின்று கேட்டுக் கேட்டே இந்தத் தமிழைப் பிடித்தேன். எழுதிவைக்கத் தெரியாதவன் எதையும் மறக்க முடியாது, பாருங்கள். மறந்தால் போனது போனதுதான்.

மரபு என்பது யாது? மறைந்து வருவது மரபு! மறந்தாலும் வருவது மரபு! மறுத்தாலும் வருவது மரபு! மண்ணில் விழுந்த மணியைப் போல மௌனமாய்...

என்ன அம்மா, கை நின்றுவிட்டது?

"உங்க மோனைக்கெல்லாம் என்கிட்டக் கை இல்ல. இருக்கிறது ரெண்டுதான். விஷயத்தைச் சொல்லுங்க" என்கிறார் அம்மையார். சிரிக்கிறீர்கள்! அதையும் உங்களுக்குச் சொல்லிவிட்டாரா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. என் மகள் பிறவியிலேயே காது கேளாதவள். இந்தச் சங்கத்தில் அவள் ஒரு பையனைச் சந்தித்தாள். கடைசல் பட்டறையில் வேலை. அவனும் பிறவியிலேயே கேளாதவன். இருவரும் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தார்கள். எங்கள் வீட்டில் தடையில்லை. பையனின் தாயார், அதாவது எனக்குச் சம்பந்தியாக வரவேண்டிய அம்மாள், ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ரெண்டு பேருக்கும் கேக்காது. பிள்ளையும் அப்படியே பிறந்தா யார் பார்க்கிறது? டாக்டர் 'பிள்ளைக்குக் கேக்கும்'னு சொல்லட்டும், அன்னிக்கே நாள் குறிக்கிறேன். இல்லேன்னா வேணாம்." கணவரை இழந்து தனியாகப் பிள்ளையை வளர்த்தவர். அவர் சொன்னதில் கொடுமை இல்லை, களைப்புதான் இருந்தது. அன்று எனக்கு அது புரியவில்லை.

மரபணு மருத்துவமனைக்குப் போனோம். மாடியில் நீளமான அறை. தாள் விரித்த மேசை ஒன்று. வம்சத்தைப் பதிவு செய்பவர் கேட்கக் கேட்க, நான் சொல்லச் சொல்ல, என் பக்கத்தில் மூன்று தலைமுறை, என் மனைவி பக்கத்தில் மூன்று தலைமுறை, மொத்தம் அறுபத்தொரு பேர். யாருக்கு எத்தனை பிள்ளை, எது தங்கியது, எது தவறியது, எதற்குக் காது கேட்டது என்று ஒன்றும் விடாமல் ஒப்பித்தேன். நடுவில் அவர் பேனாவை வைத்துவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். "பெரியவரே, நீங்க மனுஷனா, மிஷினா?" என்றார்.

அவர் வரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். பக்கத்தில் கோடு போனால் கல்யாணம், கீழே கோடு இறங்கினால் பிள்ளை. காது கேளாதவர் என்றால் உள்ளே கறுப்பு. அவ்வளவுதானே! இருநூற்று நாற்பத்தேழு எழுத்தைப் பார்த்து மிரண்டு ஓடியவன், அந்த எழுத்தை அரை மணி நேரத்தில் படித்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் வாசித்த முதல் தாள் அதுதான்.

டாக்டரம்மா வந்து தாளைப் பார்த்தார். "அப்பாவுக்கும் இருக்கு, பொண்ணுக்கும் இருக்கு. அப்பாகிட்ட இருந்து நேரா இறங்குற மாதிரி தெரியுது. அப்படின்னா இவங்களுக்குப் பிறக்கிற குழந்தைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தம் பார்த்தா உறுதியாச் சொல்லலாம்" என்றார்.

பையனின் தாயார் கைப்பையை எடுத்துவிட்டார். "பாதியா? ஒரு பிள்ளையோட பட்டது போதும் டாக்டர்" என்றவர், மகனிடம் "எழுந்திரு" என்றார். அவனுக்கு எப்படிக் கேட்கும்? சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் என் மகளைப் பார்த்தான். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

தாள் எனக்குத் தலைகீழாக இருந்தது. எழுத்தறியாதவனுக்குத் தலைகீழ் ஏது, நேர் ஏது? என் மகளின் வட்டத்திலிருந்து கோட்டைப் பிடித்து விரலால் மேலே ஏறினேன். ஏறிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம்.

"டாக்டரம்மா, இந்தக் கட்டம் நான்தானே?"

"ஆமா."

"என் கட்டத்தை ஏன் கறுப்பாக்கினீங்க?"

பதிவு செய்தவர் முந்திக்கொண்டார். "நான் கேட்டேனே, உங்களுக்குக் காது கேக்குதான்னு. நீங்கதானே இல்லைன்னு சொன்னீங்க."

"நீங்க கேட்டது இன்னிக்கு. பிறந்த அன்னிக்குக் கேட்டுச்சான்னு கேக்கலியே."

"அப்போ எப்போ போச்சு?"

"தறி தின்னுடுச்சுங்க. முப்பத்தஞ்சு வயசுல இடது காது, அம்பதுல வலது. இப்போ உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்றேன். அதுக்காக என்னைக் கறுப்பாக்கினா, எங்க கொட்டகையில தறி ஓட்டின நூத்து நாப்பது பேரையும் கறுப்பாக்குங்க. நாங்க யாரும் சொந்தக்காரங்க இல்ல. ஒரே கூரை, அவ்வளவுதான்."

பெரியோர்களே! கூரை வழியாக மரபு இறங்குமா? தறியில் குறுக்கே ஓடிய நாடா குருதியில் ஓடுமா? உழைப்பு தின்ற செவி உயிரணுவில் பதியுமா?

டாக்டரம்மா பையனின் தாயாரை நோக்கிக் கையைக் காட்டினார். "உக்காருங்கம்மா. ஒரு கட்டம் மாறினா எல்லாம் மாறும்." பிறகு புதுத் தாளை எடுத்தார்.

அன்று அவர் சொன்னதில் இரண்டு கதைகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. ஒன்று எலிக் கதை. வாலை வெட்டினாலும் குட்டிக்கு வால் இருக்குமா என்று பார்க்க, ஒரு விஞ்ஞானி தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டினாராம். பிறந்த குட்டி ஒவ்வொன்றும் முழு வாலோடுதான் பிறந்ததாம். "நீங்க வால் அறுந்த எலி, பெரியவரே" என்றார். நூற்று நாற்பது எலிகளில் ஒன்று என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

இன்னொன்று பட்டாணிக் கதை. மடத்துத் தோட்டத்தில் ஒரு துறவி. மஞ்சள் பட்டாணிச் செடியையும் பச்சைப் பட்டாணிச் செடியையும் இணைத்தார். விளைந்ததெல்லாம் மஞ்சள். பச்சை எங்கே போயிற்று? பட்டுப்போயிற்றா? பறந்துபோயிற்றா? அடுத்த தலைமுறையில் நாலுக்கு ஒன்று பச்சையாக வந்து நின்றது! மஞ்சளுக்குள்ளேயே மறைந்து உட்கார்ந்திருந்தது. அவர் எழுதிய தாளை முப்பத்துநான்கு ஆண்டுகள் உலகம் கண்டுகொள்ளவே இல்லையாம். நானும் அதைப் படிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அந்தக் காலத்து அறிஞர்களும் நானும் ஒன்று.

கைகளை உயர்த்தி ஆட்டுகிறீர்கள். உங்கள் கைதட்டல் காற்றில் மரம் அசைவது போல் இருக்கிறது. நன்றி.

அப்போது நான் ஒன்று கேட்டேன். இருபத்தாறு ஆண்டுகளாக உள்ளுக்குள் வைத்திருந்த கேள்வி. "டாக்டரம்மா, தறிச் சத்தம் என் வழியா என் பொண்ணுக்குப் போகலியா?"

"போகல. தறிக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா உங்களுக்கும் அவளுக்கும் இருக்கு. ஒவ்வொரு மரபணுவும் ரெண்டு பிரதி. உங்ககிட்ட ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. உங்க மனைவிகிட்டயும் அப்படித்தான் இருக்கணும். ரெண்டு பேரோட பழுதும் அவளுக்கு வந்துடுச்சு."

என் மனைவி, இதோ முன்வரிசையில் மூன்றாவது நாற்காலி, அப்போதுதான் வாய் திறந்தாள். "அப்போ பாதி என்னோடதா? இத்தனை வருஷம் முழுசையும் நீங்களே தூக்கிட்டுத் திரிஞ்சீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பிடிச்சிருக்க மாட்டேனா?"

அழவைக்க வரவில்லை நான். நடந்ததைச் சொல்ல வந்தேன். புதுத் தாளில் என் கட்டம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அவள் வட்டமும் அப்படியே.

ரத்த முடிவு வர ஏழு வாரம். வந்தது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஒரு நீண்ட எழுத்து வரிசை, அதில் என் மகளுக்கு ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. "எத்தனை எழுத்து அந்த மொழியில?" என்றேன். "நாலே நாலுதான்." பார்த்தீர்களா! பள்ளிக்கூடத்தில் மட்டும் நாலே எழுத்து இருந்திருந்தால் இன்று நான் எங்கே இருந்திருப்பேன்!

பையனுக்கும் பழுது உண்டு. ஆனால் அது வேறு மரபணுவில், வேறு இடத்தில். "அதனால குழந்தைக்குக் கேக்கும்னு எதிர்பார்க்கலாம்" என்றார். பையனின் தாயாருக்கு விளங்கவில்லை. "ரெண்டு பக்கமும் பழுதுங்கிறீங்க. அப்புறம் எப்படிக் கேக்கும்?"

விளக்க டாக்டரம்மா தடுமாறினார். நான் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன். மாப்பிள்ளையிடம் ஒன்று வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் ஓட்டை போட்டேன். இதோ, அதே போல இரண்டு கொண்டுவந்திருக்கிறேன், எல்லோரும் பாருங்கள். துணி என்றால் நெடுக்கே பாவு, குறுக்கே ஊடு. ஓர் இழை அறுந்தால் மற்றது தாங்கும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் ஓட்டை. இது என் மகள்: ஓட்டை இந்த மூலையில். இது மாப்பிள்ளை: ஓட்டை அந்த மூலையில். தனித்தனியாக விளக்கில் காட்டினால் வெளிச்சம் ஒழுகுகிறது. இப்போது ஒன்றன்மேல் ஒன்று வைக்கிறேன். எங்கே ஓட்டை? காட்டுங்கள் பார்ப்போம்!

பையனின் தாயார் அந்த இரட்டைத் துணியை ஜன்னலுக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். "அப்போ நாள் குறிச்சுடலாம்" என்றார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். என் மகள் முடிக்கவிடவில்லை. அவள் கையால் பேசினாள். நான் வாயால் சொன்னேன். முதலில் டாக்டரம்மாவிடம்: "ஒண்ணுகூட எங்களை மாதிரி பிறக்காதா?" டாக்டரம்மா மறுபடியும் தாளைப் புரட்டினார். வாயால் பேசும் நாங்கள் நான்கு பேர் அந்த அறையில் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். யாருடைய பிள்ளையோ அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

பிறகு பையனின் தாயாரிடம் திரும்பினாள். "பிள்ளைக்குக் கேக்கும். நீங்க பேசுறதுதான் அதுக்குக் கேக்கும். எங்களைப் பத்தி அதுகிட்ட என்ன சொல்லுவீங்க? உங்க மகன்கிட்ட நீங்க இத்தனை வருஷம் பேசினது சாப்பிடு, தூங்கு, எழுந்திரு, இந்த மூணு ஜாடைதான். கைப்பேச்சு கத்துக்கிட்டு வந்து என்னைக் கேளுங்க, வர்றேன். வாயால கேட்டா எனக்குக் கேக்காது அத்தை."

அந்த 'அத்தை'யை மட்டும் நான் சொல்லவேண்டி இருக்கவில்லை. அந்தச் சைகை அவருக்கே புரிந்தது.

"இந்த வயசுல எனக்கு எப்படி வரும்?" என்று கேட்டபடியே எழுந்து போனார். எட்டு மாதம். ஞாயிறுதோறும் இந்தச் சங்கத்தின் பின்னறையில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து விரல் பழகினார். எட்டாவது மாதம் எங்கள் வீட்டுக்கு வந்து, நின்றபடியே, கையால் கேட்டார். கல்யாணம் என்ற சைகைக்குப் பதிலாகச் சண்டை என்ற சைகையைப் போட்டுவிட்டார். "என் மகனோட சண்டை போட வர்றியாம்மா?" என் மகள் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். "வர்றேன் அத்தை. அதுக்குத்தானே வர்றேன்."

சபையோரே! மரபணுவால் இன்று மருந்து செய்கிறார்கள். நோய் தாங்கும் பயிர் செய்கிறார்கள். நாளை என்னென்னவோ செய்வார்கள். நல்லது. நீங்களும் முகாமுக்குப் போங்கள். உங்கள் கட்டத்தை நீங்களே பாருங்கள். கறுப்பு ஏன் என்று கேளுங்கள்! வெள்ளை ஏன் என்றும் கேளுங்கள்! எப்படி வந்தது என்று தாளிடம் கேளுங்கள், சொல்லும். எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேளுங்கள், சொல்லும். வாழலாமா என்று மட்டும் தாளிடம் கேட்காதீர்கள்! வரலாமா என்று பிறக்காத பிள்ளைக்காகத் தாளிடம் கேட்காதீர்கள்! அதற்கு விடை நாலு எழுத்தில் இல்லை. யார் யாரோடு பேசக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

பிள்ளை பிறந்தது. பெண். காது கேட்கிறது. ஒன்பதாம் மாதம் அவள் முதல் சொல்லைக் கையால் சொன்னாள்: "பால்". அதை முதலில் கண்டு கத்தியது அவள் அப்பாவைப் பெற்ற ஆத்தா.

என்ன அம்மா, மறுபடியும் கை நின்றுவிட்டது? இப்போது மோனை ஒன்றும் போடவில்லையே! நிறுத்தாதீர்கள் சம்பந்தியம்மா. இதையும் சொல்லுங்கள். பல ஆண்டுகளாக இந்த மேடையில் எல்லோர் சொல்லையும் கையில் ஏந்தி நிற்பவர், அன்று மகனின் சட்டையைப் பிடித்து இழுத்த அதே அம்மாள்தான் என்று உங்கள் வாயால், இல்லை, உங்கள் கையாலேயே சொல்லுங்கள்.

சொல்லிவிட்டாரா? எல்லாக் கைகளும் உயர்ந்துவிட்டன. எனக்கு அல்ல என்று தெரிகிறது. மகிழ்ச்சி.

இடம் தந்த தலைவருக்கும், பொறுமை தந்த உங்களுக்கும், பாதியை வாங்கிக்கொண்ட என் மனைவிக்கும் நன்றி. ஆரம்பத்தில் பாக்கி வைத்த சொல் ஒன்று உண்டு. அதை வாயால் சொல்லப் போவதில்லை. அம்மா, நீங்கள் கையை இறக்கிக்கொள்ளலாம். இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். இதோ, இரண்டு கையையும் குவிக்கிறேன்.